இரண்டு வெடிக்கு நடுவே

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் சில்வெஸ்டர் வீட்டுக்கு வழி கேட்டால், தபால்காரர் முதற்கொண்டு எல்லாரும் 'கண்ணாடிச் சுவர் வீடா?' என்று கேட்டுவிட்டுத்தான் கை காட்டுவார்கள். வீடு என்னவோ இரண்டு அறையும் ஒரு கூடமும் சமையலறையும்தான். அந்தக் குருவிக்கூட்டுக்கு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு காம்பவுண்டு சுவர். சுவரின் உச்சி நெடுகச் சிமெண்டில் பதித்த பாட்டில் சில்லுகள். முன்னால் ஒரு இரும்பு கேட். சாயங்காலம் ஆறு அடித்ததும் சில்வெஸ்டர் கேட்டைப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து மனைவி பிலோமினாவின் கையில் கொடுப்பார். அவள் அதைச் சாவிக்கொத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அதற்கப்புறம் மாதா கோயிலில் விடியற்காலைப் பூசை மணி அடிக்கும் வரை அந்த வீட்டிலிருந்து எலிகூட வெளியே போக முடியாது என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

கேலி பேசியவர்களுக்குத் தொண்ணூற்றொன்று டிசம்பர் மறந்துவிட்டது. காவிரித் தண்ணீர்ச் சண்டையில் ஊரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்த அந்த நாட்களில், சில்வெஸ்டர் மூன்று ராத்திரி கதவுக்குப் பின்னால் மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். அவர்கள் தெருவுக்கு ஒருத்தரும் வரவில்லை. வராததுதான் வினையாகப் போயிற்று. வந்திருந்தால் அவருடைய பயம் அன்றோடு ஒரு முடிவுக்கு வந்திருக்கும். வராததால் அது அந்த வீட்டிலேயே குடியேறிவிட்டது. அடுத்த மாதமே கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை உயர்த்தினார். பாட்டில்களை மட்டும் யார் கையிலும் கொடுக்காமல் தானே உடைத்தார்.

துப்பாக்கி அவருடைய பிழைப்பு. ராணுவத்தில் பதினேழு வருஷம் பாலம் கட்டிவிட்டு வந்தவருக்கு ஒரு வங்கிக் கிளை வாசலில் கன்மேன் வேலை கிடைத்தது. சொந்தத் துப்பாக்கியும் லைசென்சும் இருக்கிறவனுக்குத்தான் அந்த வேலை. அதனால் கையிருப்பைப் போட்டு ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வாங்கினார். இரண்டு குழல், இரண்டு விசை, இரண்டே தோட்டா. தினமும் வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போய், தினமும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவார். பட்டாளத்திலும் சரி, வங்கியிலும் சரி, மனுஷனைப் பார்த்து ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. தொண்ணூற்று நாலு அக்டோபர் வரை.

அக்டோபர் ஜெபமாலை மாதம். பிலோமினா அந்த மாதம் முழுவதும் கூட்டும்போதும் பெருக்கும்போதும், குழாயடியில் குடம் நிரம்பக் காத்து நிற்கும்போதும் உதட்டுக்குள், 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்' என்று மாதாவை வேண்டி முடியும் அருள்நிறை மந்திரத்தை உருட்டிக்கொண்டே இருப்பாள். ஒரு நாளைக்கு நூறு தடவைக்குக் குறையாது. மூச்சு விடுவது எப்படியோ அப்படித்தான் அவளுக்கு அந்த மந்திரமும். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை.

அன்றைக்கு மழை. ஏழு மணி இருக்கும்போது கரண்ட் போயிற்று. பிலோமினா சமையலறையில் மெழுகுவத்தியைத் துழாவிக்கொண்டிருந்தாள். குளியலறைக்குப் போகிற பின்கதவு திறந்திருந்தது. கேட்டைப் பூட்டுவதற்கு முன்பே ஒருவன் உள்ளே நுழைந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்தான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? பின்னாலிருந்து ஒரு ஈரக்கை வந்து அவள் வாயைப் பொத்தியது.

அவன் அவளைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு கையில் இரும்புக் கம்பி. இன்னொரு கை அவளுடைய தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. சங்கிலி அறவில்லை, கழுத்துத்தான் அறுந்துவிடும்போல இருந்தது. படுக்கையறைக் கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம் அவள் கண்ணில் அடித்தது. அடுத்த கணம் வீடே இடிந்து விழுந்ததுபோல முதல் வெடி.

மனைவி அருகில் நின்றதால் சில்வெஸ்டர் கூரையைப் பார்த்துத்தான் சுட்டார். காரை பெயர்ந்து கொட்டியது. அவன் கம்பியைப் போட்டான், சங்கிலியை விட்டான், தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். இதுவரைக்கும் நடந்ததற்கு யாரும் சில்வெஸ்டரை ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது. நானும் சொல்ல மாட்டேன்.

பிலோமினா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். காது இரண்டும் ரீங்காரமிட்டன. வாய் தானாக மந்திரத்தைத் தொடங்கிவிட்டது. திறந்து கிடந்த கதவு வழியாக அவளுக்கு வாசல் தெரிந்தது. சில்வெஸ்டர் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினார். ஓடவில்லை. மழையில் நிதானமாக நடந்தார். அந்த நடையைப் பார்த்துத்தான் அவள் பயந்தாள். கழுத்தில் கை வைத்தவனிடம்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை.

அவன் கேட்டை உலுக்கினான். பூட்டு. சுவரில் தாவினான். உச்சியைப் பிடித்த கை வழுக்கியது. மறுபடி தாவினான். கைகளை எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் அவற்றைத் தானே பார்த்தான். பிறகு தலையை மட்டும் திருப்பிக் கன்னடத்தில் கெஞ்சினான். அவன் கெஞ்சியது அவள் காதில் தெளிவாக விழுந்தது. மந்திரம் பாதியில் நின்றது. சில்வெஸ்டர் பதில் பேசவில்லை. அவன் மூன்றாம் முறை சுவரில் தாவினான். விட்ட இடத்திலிருந்து அவள் வாய் மந்திரத்தைத் தொடர்ந்து, கடைசியில் வரும் மரண நேரத்துக்கு வந்தபோது இரண்டாவது வெடி கேட்டது.

சில்வெஸ்டர் உள்ளே வந்து துப்பாக்கியைச் சுவரில் சாத்தினார். "இனி வர மாட்டான், பிலோ" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது.

செத்தவன் பெயர் லோகேஷ். வயது இருபத்திரண்டு. தச்சுப் பட்டறையில் வேலை போய் நாலு மாதம் ஆகியிருந்தது.

அன்றைக்கே இன்ஸ்பெக்டர் பிலோமினாவைக் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியும். மரியாதையாகத்தான் கேட்டார். என்னம்மா நடந்தது, எவ்வளவு நேரத்தில் நடந்தது என்றார். கணவர் யோசித்துக் காத்திருந்து சுடவில்லை, எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தவிப்பு. அதனால் தனக்குத் தெரிந்த மிகச் சின்னப் பொழுதை எடுத்துச் சொன்னாள்.

"ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு சார்."

இன்ஸ்பெக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். ஒரு பிரார்த்தனை நேரம் என்று எழுதினார். அது எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. புருஷனுக்கு நல்லது செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு அவள் விடியும்வரை அழுதாள்.

சில்வெஸ்டர் மூன்று மாதம் சென்ட்ரல் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். துப்பாக்கி போலீஸிடம், வேலையும் போயிற்று. வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. விசாரணைக்கு நாள் குறித்த பிறகு வக்கீல் சுந்தரேசன் இருவரையும் ஆபீசுக்கு வரச் சொன்னார். நாற்பது வருஷமாகக் கிரிமினல் கேஸ் நடத்துகிற மனுஷர். வளவளவென்று பேச மாட்டார்.

வீட்டுக்குள் கம்பியோடு வந்தவனைச் சுடச் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனால் அந்த இடம் ரொம்பச் சின்னது என்றார். ஆபத்து இருக்கிறவரைக்கும்தான் அந்த உரிமை. ஆபத்து முதுகைக் காட்டிவிட்டால் உரிமையும் அத்தோடு போயிற்று. அப்புறம் சுட்டால் அதற்குப் பெயர் தற்காப்பு இல்லை. லோகேஷுக்கு ரவை முதுகில்தான் பாய்ந்திருக்கிறது. அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. முதல் வெடி, உடனே இரண்டாவது வெடி. விரல் விசையை அழுத்துகிற அந்த நொடியில் அவன் திரும்பிவிட்டான், குண்டு பட்ட பிறகுதான் சுவரில் போய்த் தொங்கினான் என்று சொல்லலாம். இரண்டு வெடிக்கும் நடுவில் ஐந்தாறு நொடிதான் என்றால் அந்தப் பதில் நிற்கும்.

"ஒரு பிரார்த்தனை நேரம்னு சொல்லியிருக்கீங்களேம்மா. அது எவ்ளோ நேரம்? சொல்லிக் காட்டுங்கோ."

பிலோமினா கண்ணை மூடி, எப்போதும் சொல்வதுபோலச் சொன்னாள். கண்ணைத் திறந்தபோது வக்கீல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த பேனா அசையவில்லை.

"பதினேழு செகண்ட்" என்றார்.

பதினேழு நொடியில் ஒரு மனுஷன் கூடத்திலிருந்து கேட்டுக்கு நடந்து போய்விட்டுத் திரும்பியே வந்துவிடலாம். பிலோமினாவுக்கு அப்போதுதான் தலையில் இடி விழுந்தது. காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்ன ஒரு வார்த்தையால் புருஷன் கழுத்துக்குக் கயிறு திரித்துக் கொடுத்திருக்கிறாள். அவள் அரசுத் தரப்புச் சாட்சி. அந்த வார்த்தையை அவள் வாயாலேயே கோர்ட்டில் கேட்பார்கள்.

பதற்றத்தில் யாரும் வேகமாகத்தானே சொல்லியிருப்பார்கள் என்றார் சுந்தரேசன். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தது. ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, சில்வெஸ்டர் அவளை மாதா படத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"ம்."

அவள் சொன்னாள்.

"பதினாலு. மறுபடி."

மறுபடி சொன்னாள். பதின்மூன்று. பதினொன்று. அவர் அதட்டவில்லை, கை ஓங்கவில்லை. அதட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். அன்றைக்கு மழையில் நடந்த அதே நிதானத்தோடு எண்ணிக்கொண்டே இருந்தார். ஒரு வாரத்தில் ஒன்பதுக்கு வந்தது. இரண்டு வாரத்தில் ஏழு. மூன்றாவது வாரம் ஆறு. வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அது மந்திரமா முனகலா என்று தெரியாமல் ஆகிவிட்டது.

ஒரு நாள் அவள் பயந்து பயந்து சொன்னாள்.

"அன்னிக்கு இப்படி இல்லீங்க. நடுவுல அவன்..."

"நடுவுல ஒண்ணும் இல்ல" என்றார் சில்வெஸ்டர். கொஞ்ச நேரம் கழித்து, கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசினார். "அவனை விட்டிருந்தா நாலு பேரைக் கூட்டிட்டு வந்திருப்பான், பிலோ. நான் ட்யூட்டில இருக்கறப்ப வந்திருப்பான். நீ தனியா இருந்திருப்ப. உனக்காகத்தானே?"

அவர் கண் கலங்கியிருந்தது. பொய் சொல்லவில்லை, அதை அவர் நம்பினார். அவளுக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இருபத்தாறு வருஷமாகப் பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷன். ராத்திரி அவர் புரண்டு படுத்தால் இப்போதெல்லாம் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே இருக்கிற ஆபத்தைத் தடுக்கத்தான் அத்தனை சுவரும் பூட்டும். உள்ளே பூட்டிக்கொண்டதை என்ன செய்வது?

அதைவிடக் கொடுமை, அவளுக்கு ஜெபம் வராமல் போயிற்று. கோயிலில் முழந்தாள் போட்டு மந்திரத்தைத் தொடங்கினால், காதுக்குள் ஒரு குரல் மூன்று, நாலு, ஐந்து என்று எண்ணியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து சொல்லும்போது இவள் மட்டும் முன்னாலேயே ஓடி முடித்துவிட்டு விழித்துக்கொண்டு நின்றாள். பிறகு கோயிலுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். கேட்டால் முட்டி வலி என்றாள்.

தொண்ணூற்றேழு ஜனவரியில் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். கோர்ட் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. சில்வெஸ்டர் எதிர்ப்பக்கம் குற்றவாளிக் கூண்டில், தேய்த்த வெள்ளைச் சட்டையில், பட்டாளத்து நிமிர்வோடு நின்றார். கடைசி பெஞ்சில் ஒரு அம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லோகேஷின் அம்மா என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

அரசு வக்கீல் ஒரு நடுத்தர வயதுப் பெண். கன்னடத்தில் நிதானமாகக் கேட்டார். இவள் தமிழில் பதில் சொன்னாள். நீதிபதிக்கு இரண்டும் புரிந்தது. கம்பி, சங்கிலி, முதல் வெடி எல்லாவற்றையும் நடந்தபடியே சொன்னாள். பிறகு அரசு வக்கீல் போலீஸ் காகிதத்தைப் புரட்டி, அந்தப் பிரார்த்தனை எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

"கொஞ்ச நேரந்தாங்க."

அன்றைக்குச் சொன்னபடியே இங்கே சொல்லிக் காட்ட முடியுமா என்றார் அரசு வக்கீல். சுந்தரேசன் எழுந்து ஆட்சேபித்தார். சாட்சிக்குச் சம்மதமானால் சொல்லட்டும் என்றார் நீதிபதி. பெஞ்சு கிளார்க் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிலோமினா கணவரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே 'ம்' என்றார். மூன்று மாதமாகக் கேட்ட அதே 'ம்'.

ஆறு நொடி. அவ்வளவுதான். வேகமாகச் சொல்லி முடித்தால் இந்த மனுஷன் வீட்டுக்கு வந்துவிடுவார். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிச் சாவியைக் கையில் கொடுப்பார். இனி சாகும்வரைக்கும் கொடுப்பார். சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ஆரம்பித்தாள்.

பழகியபடி முதல் நாலு வார்த்தையும் சரசரவென்று ஓடிவந்தன. அப்புறம் அவளுக்கு ஒன்று உறைத்தது. யாரும் எண்ணவில்லை. கோர்ட்டில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. காதுக்குள் இருந்த குரலும் இல்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு மந்திரம் அவளுக்குத் தன் நடையில் வந்தது. வார்த்தை வார்த்தையாக வந்தது. மழை வந்தது, டார்ச் வெளிச்சம் வந்தது, படி இறங்கிய கால் வந்தது. கேட் உலுக்குகிற சத்தம் கேட்டது. பாதி மந்திரத்தில் அவள் நின்றாள்.

நின்றது நின்றபடி இருந்தாள். மறந்துவிட்டதாக நினைத்து அரசு வக்கீல் ஏதோ கேட்க வாயெடுத்தார். நீதிபதி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கிளார்க்கின் தலை இன்னும் கடிகாரத்தை விட்டு இறங்கவில்லை. பிறகு பிலோமினா மீதியைத் தொடர்ந்து, மரண நேரத்துக்கு வந்து, கண்ணைத் திறந்தாள்.

"இங்கதான் சார் ரெண்டாவது சத்தம்."

நீதிபதி முன்னால் குனிந்தார். நடுவில் ஏன் நிறுத்தினாய் என்று தமிழிலேயே கேட்டார்.

"அன்னிக்கும் அங்கதான் சார் நிறுத்தினேன். அந்தப் பையன் பேசிட்டிருந்தான்."

குற்றவாளிக் கூண்டில் சில்வெஸ்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சுந்தரேசன் மெதுவாக உட்கார்ந்தார். என்ன பேசினான் என்று நீதிபதி கேட்டார். இரண்டு வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாததை, பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம்கூடச் சொல்லாததை, அவள் அவன் சொன்ன கன்னடத்திலேயே சொன்னாள்.

"'கேட் தெகீரி அண்ணா, ஹோக்தீனி'ன்னான் சார். கேட்டைத் திறங்க, போயிடறேன்னு கேட்டான்." அவள் கை தன்னை அறியாமல் இடுப்புக்குப் போனது. கடைசி பெஞ்சில் இருந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னாள். "சாவி எங்கிட்டதாம்மா இருந்துச்சு."